மறுத்துப் பேச ஓர் ஆள்

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்ததிலிருந்து, வெளிநாட்டுப் பயணம் என்பது நாலு பேர் டீக்கடையில் கூடித் தீர்மானிக்கிற காரியமாகிவிட்டது. புதுச்சேரியின் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களும் போகிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் போகிறார்கள். லாஸ்பேட்டை விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அங்கிருந்து வெளிநாட்டுக்கு விமானம் இல்லை. சென்னை மீனம்பாக்கத்துக்குத்தான் ஓட வேண்டும். அந்தக் கார் வாடகையைப் பங்கிட்டுக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் கூட்டாளி தேடுகிறார்கள் என்று தோன்றும். நண்பரோடு போவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த வகையே: அறை வாடகை பாதியாகும், பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கித் தர ஒருவர் இருப்பார், படம் பிடிக்கவும் ஆள் கிடைக்கும். எதுவும் தவறான காரணம் இல்லை. ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட நண்பர் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல பயண முகவர் ஒருவர் இத்தனையையும் காசுக்குச் செய்து தருவார். நண்பரால் மட்டுமே ஆகக்கூடிய வேலை ஒன்று உண்டு. நாம் பார்த்ததாகச் சொல்வதை, அதே இடத்தில் அதே நேரத்தில் நின்றிருந்தவர் என்ற உரிமையோடு மறுப்பதே அந்த வேலை. வெளிநாட்டுக்கு நண்பரோடு போக வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இது ஒன்றுதான்.

உள்ளூரில் இந்த மறுப்புக்குப் பஞ்சமில்லை. கடலூரைப் பற்றி ஒருவர் கதையளந்தால் கடலூர் பார்த்த பத்துப் பேர் சபையிலேயே இருப்பார்கள். வெளிநாடு அப்படியல்ல. போனவர் சொல்வதே சாட்சியம், அவரே வழக்கறிஞர், அவரே நீதிபதி. இதனால்தான் தமிழில் பயணக் கட்டுரை என்ற வகை, சில நல்ல விதிவிலக்குகள் நீங்கலாக, புகழுரையாகவோ புலம்பலாகவோ முடிந்துபோகிறது. தெருக்கள் சுத்தம், மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், நம் ஊர் எப்போது இப்படி ஆகும் என்று ஒரு கட்சி. சாம்பார் கிடைக்கவில்லை, பெற்றோரை யாரும் கவனிப்பதில்லை, நம் பண்பாடே பண்பாடு என்று இன்னொரு கட்சி. இரண்டையும் எழுதுகிறவர்கள் தனியாக எழுதுகிறார்கள். பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு அந்தக் கட்டுரைகளில் இடமே இல்லை. வள்ளுவர் நட்புக்கென்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரம் ஒதுக்கியவர். சேர்ந்து சிரிப்பதற்காக அல்ல, எல்லை மீறும்போது முந்திக்கொண்டு இடித்துச் சொல்வதற்காகவே நட்பு என்பது அவர் கருத்து. அதை வாழ்க்கை ஒழுக்கத்துக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். கண்ணால் கண்டதைச் சொல்வதில்கூட எல்லை மீறல் உண்டு, அங்கும் இடித்துரைக்க ஆள் வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. ஃபிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்து இந்தோசீனாவுக்குச் சிப்பாயாகவும் எழுத்தராகவும் போனவர்கள் உண்டு. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது ஃபிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்த குடும்பங்களும் உண்டு. ஆகவே பாரிஸ் என்பது இந்த ஊரில் பலருக்குச் சித்தப்பா வீடு இருக்கிற இடம். உறவினரோடு, உறவினர் வீட்டுக்குப் போவதில் வசதி அதிகம், ஆனால் மறுப்பு கிடைக்காது. சித்தப்பா அங்கே நாற்பது வருடம் வாழ்ந்தவர் என்பதால் அவர் சொல்வதே முடிவு; வந்தவர் விருந்தாளி என்பதால் வாயைத் திறப்பது மரியாதை இல்லை. உறவு என்பது விட்டுக்கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய ஒன்று. நட்பில் சமத்துவம் இருப்பதால் சண்டைக்கும் இடமிருக்கிறது. பயணத்துக்கு எது உதவும் என்று கேட்டால் நான் நட்பின் பக்கம்தான்.

இதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. அதை அரசியல் வரலாறாகப் படிக்கிறோம், இரண்டு நண்பர்களின் பயணமாகப் படிப்பதில்லை. 1931 டிசம்பர் 13 அன்று பெரியார் ஈ.வெ.ரா. சென்னைத் துறைமுகத்தில் ‘அம்புவாஸ்’ என்ற ஃபிரெஞ்சுக் கப்பலில் ஏறினார். உடன் சென்றவர்கள் எஸ். இராமநாதனும் ஈரோட்டைச் சேர்ந்த இராமுவும். இராமநாதன் எடுபிடியாகப் போனவர் அல்ல. கதர் வாரியக் காலத்திலிருந்தே பெரியாரோடு இருந்தவர், சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பட்டப்படிப்பு படித்தவர். 1927இல் பெங்களூருக்குப் போய் வருணாசிரமம் குறித்துக் காந்தியிடம் வாதாடியபோதும் இந்த இருவரும்தான் சேர்ந்து போனார்கள். எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாக 1932 பிப்ரவரியில் சோவியத் நாட்டை அடைந்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே இருந்தார்கள். மாஸ்கோவின் மே தினத்தைப் பார்த்தார்கள். பிறகு ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ் என்று அந்தப் பயணம் நீண்டது. இலங்கை வழியாகப் பெரியார் தூத்துக்குடியில் வந்து இறங்கியது 1932 நவம்பரில்.

பெரியாருக்குப் பள்ளிப் படிப்பு சில வருடங்களே. ஆங்கிலத்தில் நடக்க வேண்டிய பேச்சுக்கும் கடிதத்துக்கும் இராமநாதனைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது. மாஸ்கோவில் ஒரு தொழிற்சாலை அதிகாரி சொன்னது ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, ஆங்கிலத்திலிருந்து இராமநாதன் வாய்வழியாகத் தமிழுக்கு வர வேண்டும். இரண்டு சல்லடை. இங்கே முதல் ஆட்சேபம் எழும்: நண்பரையே நாக்காக வைத்திருப்பவர் அவரை எப்படி மறுப்பார்? நண்பர் எதை விட்டுவிட்டார் என்பதுகூட அவருக்குத் தெரியாதே? ஆட்சேபம் நியாயமானது. ஆனால் விளைவு அதற்கு எதிராக இருக்கிறது. திரும்பி வந்த பெரியார் இராமநாதனின் எதிரொலியாக வரவில்லை. பெயர்களுக்கு முன்னால் ‘தோழர்’ என்று போடும்படி தன் பத்திரிகையான குடி அரசில் வேண்டினார். 1932 டிசம்பர் 28, 29 தேதிகளில் ஈரோட்டில் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலரின் துணையோடு சமதர்மத் திட்டத்தை இயக்கத்தின் முன் வைத்தார். மொழிபெயர்த்துச் சொன்ன நண்பரோ சில ஆண்டுகளில் காங்கிரசுக்குப் போனார். 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் செய்தித் துறை அமைச்சரானார். அந்த அமைச்சரவை பள்ளிகளில் கொண்டுவந்த இந்தியை எதிர்த்ததற்காக 1938இல் பெரியார் சிறைக்குப் போனார். ஒரே கப்பலில் போய் ஒரே மே தினத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் ஆறே வருடத்தில் அமைச்சர், இன்னொருவர் கைதி. மொழியைக் கடன் வாங்கியவர் முடிவைக் கடன் வாங்கவில்லை. பயணம் தானாக எதையும் கற்பிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இப்படிச் சொன்னதும் அடுத்த ஆட்சேபம் வரும், இது முதலாவதைவிடக் கனமானது. அவர்கள் பிரிந்ததற்கும் பயணத்துக்கும் என்ன தொடர்பு? பெரியார் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1931 அக்டோபரிலேயே, குடி அரசு கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் தமிழாக்கத்தை வெளியிடத் தொடங்கிவிட்டது. மாஸ்கோவுக்குப் போகுமுன்னே மாஸ்கோ அவர் மேசைக்கு வந்திருந்தது. இராமநாதனின் மனச்சாய்வும் பயணத்துக்கு முந்தையதாகவே இருக்கலாம். அரசியல் பிரிவுக்குத் தேர்தலும் பதவியும் உள்ளூர்க் கணக்குகளும் போதும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பயணம்தான் அவர்களைப் பிரித்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் இல்லை. நான் சொல்வது அதைவிடச் சிறியது. பெரியார் மட்டும் தனியாகப் போயிருந்தால், ‘சோவியத் நாட்டைக் கண்ட எவரும் சமதர்மியாகத்தான் திரும்புவார்’ என்று அவர் தொண்டர்கள் சொல்ல முடிந்திருக்கும். இராமநாதன் மட்டும் போயிருந்தால் காங்கிரஸ்காரர்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பார்கள். இருவரும் சேர்ந்து போனதால் இரண்டு கட்சியாலும் அப்படிப் பேச முடியாது. இரண்டாவது சாட்சி கூண்டில் ஏறி நிற்பதே போதும், அவர் வாய் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால் வாய் திறந்திருந்தால் நமக்கு எவ்வளவு லாபம்! பொதுவாசகர் கைக்கு வந்திருப்பது பெரியாரின் குறிப்புகளே. போனது எங்கே, பார்த்தது யாரை என்று சுருக்கமாகப் போகும் வரிகள். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க இராமநாதனின் மாஸ்கோ இருந்தால், தமிழில் பயண எழுத்தின் தரமே வேறாக இருந்திருக்கும். மூன்றாமவரான இராமுவிடம் யாரும் கேட்கவே இல்லை. மூவர் போன பயணத்தை ஒருவர் போன பயணமாக நினைவில் வைத்திருக்கிறோம். தலைவர்களை நாம் கொண்டாடும் முறையில் உடன்சென்றவர் கரைந்துபோவது தவிர்க்க முடியாதது என்று நினைக்கலாம். மற்ற இடங்களிலும் இதே கதைதான் என்பதே என் ஆறுதல். ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1935இல் லைபீரியக் காட்டுக்குள் நடந்தபோது கூடவே நடந்தவர் அவர் தந்தையின் உடன்பிறந்தார் மகளான பார்பரா. 1936இல் வந்த கிரீனின் புத்தகத்தில் அந்தப் பெண் ஏறக்குறைய இல்லவே இல்லை. 1938இல் பார்பரா தன் புத்தகத்தை எழுதினார். காய்ச்சலில் விழுந்த கிரீன் பிழைக்க மாட்டார் என்று தான் நினைத்த இரவை அதிலே சொன்னார். முதல் புத்தகத்தில் நாயகனாக நடப்பவர் இரண்டாவதில் நோயாளியாகக் கிடக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாசகருக்குத்தான் அந்தக் காடு முழுசாகக் கிடைக்கிறது. இதற்கும் முன்னோடி உண்டு. 1773இல் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குச் சேர்ந்து போன சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் ஆளுக்கொரு புத்தகம் எழுதினார்கள், ஒருவர் 1775இல், மற்றவர் 1785இல். ஜான்சன் தீவுகளைப் பார்த்தார், பாஸ்வெல் ஜான்சனைப் பார்த்தார். முதலாவது ஆராய்ச்சி, இரண்டாவது வேடிக்கை. எனக்கு வேடிக்கைதான் அதிகம் சொல்வதாகப் படுகிறது.

சோவியத் நாட்டைப் போல எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து காட்டும் இடத்தில் இரண்டாவது கண்ணால் என்ன பயன், இருவருக்கும் ஒரே தொழிற்சாலையைத்தானே காட்டுவார்கள் என்று கேட்கலாம். புதுச்சேரியில் ஃபிரெஞ்சு படிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் இதற்குப் பதில் சொல்லும். ஃபிரெஞ்சு எழுத்தாளர் அந்த்ரே ழீத் 1936 கோடையில் சோவியத் நாட்டுக்குப் போனபோது அதன் புகழ்பெற்ற ஆதரவாளர். கார்க்கியின் இறுதிச் சடங்கில் செஞ்சதுக்கத்தில் பேசியவர். அவரோடு இளைய நண்பர்கள் சிலர் போனார்கள். அவர்களில் ழாக் ஷிஃப்ரின் பாக்குவில் பிறந்தவர், ரஷ்ய மொழி தெரிந்தவர். டச்சு எழுத்தாளர் யெஃப் லாஸ்ட்டும் இருந்தார். இன்னொரு நண்பர் எழேன் தபி செவஸ்தபோலில் இறந்துபோனார், அவர் நினைவுக்குத்தான் ழீத் தன் நூலைக் காணிக்கையாக்கினார். சோவியத் நாட்டை விமர்சித்து அந்த நவம்பரில் வெளிவந்த நூல் ஆதரவாளர்களை அதிரவைத்தது. விருந்தும் மாலையும் ழீத்தை நோக்கி வந்தன. பெரிய மனிதரைச் சுற்றி நின்றவர்கள்மேல் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருந்திருக்காது, அவர்கள் காதில் தெருப் பேச்சு விழுந்திருக்கும். ஏற்பாடு செய்து காட்டுகிறவர்கள் முதன்மை விருந்தாளிக்காகத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். ஓரத்தில் நிற்கிறவருக்கு மேடையின் பக்கவாட்டு தெரியும்.

புதுச்சேரியோடு தொடர்புள்ள ஒரு ஜோடியையும் சொல்ல வேண்டும், அது அவ்வளவு பெருமைக்குரிய கதை இல்லை என்றாலும். பாரதி ஆசிரியராயிருந்த ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தி, அதை 1908இல் இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான எம்.பி.டி. ஆச்சார்யா, அதே ஆண்டு இறுதியில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். லண்டனில் வ.வே.சு. ஐயரும் சாவர்க்கரும் இருந்த இந்தியா ஹவுசில் சேர்ந்தார். 1909 ஆகஸ்டில் அவரும் சுக்சாகர் தத்தா என்ற வங்க இளைஞரும் மொராக்கோவில் ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய ரிஃப் மக்களோடு சேர்ந்து போர்ப்பயிற்சி பெறப் புறப்பட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தத்தா முன்னதாகத் திரும்பிவிட்டார். கைக்காசு இல்லாமல் ஆச்சார்யா ஜிப்ரால்டர், டான்ஜியர் என்று அலைந்து லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தார். நண்பர் துணையால் ஆபத்து குறையும் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இளவயதில் ஒருவர் துணிச்சல் மற்றவர் துணிச்சலுக்கு வட்டி போடும். தனியாக இருந்திருந்தால் இருவரில் எவரும் லண்டனை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. மறுக்காத நண்பர் தனிமையைவிட மோசம். ஆனால் முறிந்த இடத்தில் ஒருவர் திரும்பினார் பாருங்கள், அந்தத் திரும்புதலும் ஒரு மறுப்புதான், காலத்தால் தாமதமான மறுப்பு.

தனியாகப் போனவர்களின் தலைவர் என்று தமிழில் ஏ.கே. செட்டியாரைச் சொல்வார்கள். கோட்டையூர்க்காரர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர், காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டங்களைச் சுற்றி 1940இல் அதை வெளியிட்டவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றால் அவர்தான். நண்பர் இல்லாமல் நம்பகமான பயண எழுத்து சாத்தியம் என்பதற்கு அவரே சாட்சியாக நிறுத்தப்படலாம். அவர் எழுத்தை ஒருமுறை படித்தவருக்கு ஒன்று உடனே புலப்படும்: தன்னைப் பற்றி அவர் மிகக் குறைவாகப் பேசுகிறார். பிறர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறார், தன்னிடம் தவறு கண்டுபிடித்தவர்களையும் ஒளிக்காமல் எழுதுகிறார். கூடப் பயணம் செய்யாத நண்பர்களின் வேலையையும் தானே செய்துகொண்ட மனிதர் அவர். போதாததற்கு, மற்றவர்கள் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித்தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கினார். பிற கண்களின்மேல் இவ்வளவு மரியாதை உள்ளவருக்குத் தனிப்பயணம் ஆபத்தில்லை. அந்த ஒழுக்கம் வாய்க்காத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இன்றைய பயணிகளைப் பார்த்தால் இதுவே மற்ற எல்லாவற்றையும்விட உண்மையாகத் தோன்றும். நண்பர்கள் கூட்டமாகப் போனால் வெளிநாட்டையே பார்ப்பதில்லை. கோலாலம்பூரிலும் தமிழில் பேசி, தமிழில் சிரித்து, நம் ஊர் அரசியலை அங்கே தொடர்ந்து, இரவு அறையில் சீட்டாடித் திரும்புகிறார்கள். பத்துமலை முருகன் சிலை முன்னால் எடுத்த படம் எல்லார் கைப்பேசியிலும் ஒன்றேதான். ஆமாம், உண்மைதான். நாலு பேர் என்பது கூட்டம், கூட்டத்தில் மறுப்பு அமுங்கிவிடும். பெரும்பான்மை என்று ஒன்று உருவாகி மற்றவரை இழுத்துக்கொண்டு போகும். நான் பேசுவது இரண்டு பேரைப் பற்றி. இரண்டில் பெரும்பான்மை கிடையாது. அந்த இருவரும்கூட நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டு திரிந்தால் பயன் இல்லை. காலையில் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் சுற்றி, மாலையில் சந்தித்துச் சண்டை போடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். சந்தையில் உன்னை ஏமாற்றினார்கள் என்று ஒருவர் சொல்ல, இல்லை, நீதான் விலை கேட்கத் தெரியாமல் கேட்டாய் என்று மற்றவர் சொல்ல வேண்டும். இதனால் நட்பு முறியலாம், முறிந்தும் இருக்கிறது. பெரியாரும் இராமநாதனும் எதிரெதிர் முகாமில் நின்ற பிறகு அந்தப் பயணம் பொருளற்றதாகிவிட்டதா? ஆகவில்லை. நட்பைக் காப்பாற்றுவது பயணத்தின் கடமை என்று யாரும் விதித்ததில்லை.

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரொமேன் ரோலான் நூலகம் இருக்கிறது, சிறு பதிப்பகங்கள் இருக்கின்றன, அந்தக் காலத்தில் சைகோனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்த கடிதங்கள் பல வீட்டுப் பெட்டிகளில் மக்கிக்கொண்டிருக்கின்றன. அவை பெரும்பாலும் ஒருவர் எழுதியவை. அதே கப்பலில், அதே படைப்பிரிவில் இருந்த அடுத்த வீட்டுக்காரரின் கடிதம் இரண்டு தெரு தள்ளி வேறு பெட்டியில் இருக்கும். பழையவற்றை இனித்தான் சேர்க்க வேண்டும் என்றாலும் புதியவற்றில் இந்தப் பிழை தொடரத் தேவையில்லை. சிறுபத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெளிநாடு போய்வந்தவர் கட்டுரை கொண்டுவந்தால், யாரோடு போனீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டாமவரிடமும் தனியாக ஒரு கட்டுரை வாங்குங்கள், முன்னவர் எழுதியதை அவருக்குக் காட்டாமல். இரண்டையும் ஒரே இதழில் அடுத்தடுத்துப் போடுங்கள்.